'கைவிடு' குரூப்

நான் சொல் வியாபாரி. மேல்படிப்புக்கு அமெரிக்கா போக ஜிஆர்ஈ எழுதும் பொறியியல் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி விற்றே வீட்டைக் கட்டினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். விற்ற சரக்கில் கலப்படம் இருந்தது. தெரியாமல் கலந்தது கொஞ்சம். தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் விற்றது நிறைய. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் சென்னையில் ஜிஆர்ஈ வகுப்பு அமோகமாக ஓடிய தொழில். எல்லார் கையிலும் பாரன்ஸ் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் மூர் மார்க்கெட்டிலோ சீனியரிடமோ வாங்கிய பழசு. அதில் 3500 சொற்கள், அகர வரிசையில். தொடக்கமே அபேஸ், அபேஷ், அபேட். 'அபேஸ்' என்று போர்டில் எழுதியதும் ஒவ்வொரு பேட்ச்சிலும் பின்வரிசையில் சிரிப்பு எழும். நம்மூர் அபேஸுக்கு அர்த்தம் வேறாயிற்றே. பாதிப் பேர் 'ஏ'யைத் தாண்டவே மாட்டார்கள். ஊரில் ஒருவரும் வாயால் சொல்லாத 'அப்ஜூர்' என்ற சொல் அத்தனை இன்ஜினியர்களுக்கும் தெரிந்திருந்ததற்குக் காரணம், அது 'ஏ'யில் வருகிறது என்பதுதான்.

அந்த 3500ஐயும் குரூப்பாகப் பிரித்துக் கொடுத்ததுதான் என் பெருமை. 'கஞ்சன்' குரூப், 'வாயாடி' குரூப், 'திட்டு' குரூப், 'முகஸ்துதி' குரூப். ஒரு குரூப்புக்கு ஒரு வரி, வரியின் முடிவில் சமக்குறி, அதற்குப் பின் ஒரே ஒரு தமிழ் அர்த்தம். அதில் 'கைவிடு' குரூப் இப்படி இருக்கும்: ரினௌன்ஸ், ரிகேன்ட், அப்ஜூர், ஃபார்ஸ்வேர், ரிட்ராக்ட், ரிப்யூடியேட், டிஸவௌ = நம்பிக்கையைக் கைவிடு. துவரை, உளுந்து, கடலை, பாசி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மேலே 'பருப்பு' என்று எழுதி ஒட்டிய வேலை. அந்த டப்பாவை வைத்து யாரும் சமைக்கப் போவதில்லை என்பதால் மாட்டிக்கொள்ளவில்லை.

பழைய தேர்வில் எதிர்ச்சொல் கேள்வி உண்டு. ஒரு சொல் கொடுப்பார்கள், கீழே ஐந்து விடை. சொல்லின் முகம் தெரிய வேண்டியதில்லை. பிளஸா மைனஸா என்று தெரிந்தால் போதும். அப்ஜூர் மைனஸ், விடைகளில் 'ஏற்றுக்கொள்' மாதிரி ஏதாவது பிளஸ் இருந்தால் அதைத் தட்டு, அடுத்ததற்குப் போ. என் பிள்ளைகள் தட்டினார்கள், மதிப்பெண் வந்தது, ஸ்வீட் பாக்ஸும் வந்தது. கரடுமுரடான அறிவுக்குப் பரிசு கொடுத்த தேர்வு அது. பழியை அதன் தலையில் போடுவது எனக்கு வசதி. ஆனால் என் கதையில் அதுவரை பிழை மட்டும்தான் இருந்தது. பொய் அதற்கப்புறம் வருகிறது.

அந்த வரியை மனத்தில் பதிய வைக்க நான் ஒரு கதை சொல்வேன். பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோவை ரோமில் முட்டிபோட வைத்தார்கள், அவர் ரிகேன்ட் பண்ணினார், எழுந்திருக்கும்போது "ஆனாலும் சுத்துது" என்று முணுமுணுத்தார். இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்துவேன். வகுப்பு அசையாது. ஒருநாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"சார், அவரு ரிகேன்ட் பண்ணாரா, அப்ஜூர் பண்ணாரா? நான் படிச்ச புக்ல அப்ஜூர்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அப்ஜூர் கொஞ்சம் ஃபார்மல், அவ்ளோதான்."

"அப்போ எப்ப எதைப் போடறது சார்?"

"எக்ஸாம்ல அதெல்லாம் கேக்க மாட்டான்."

'தெரியலம்மா, பாத்துட்டு வந்து சொல்றேன்' என்பது ஒரு வாக்கியம். அது என் வாயில் வரவில்லை. ஐம்பது பேர் பணம் கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அடுத்த பேட்ச் எதிர்த்தெரு மையத்துக்குப் போய்விடும் என்ற கணக்கு ஒருபக்கம். சார் என்று கூப்பிடப்படுவதில் இருந்த போதை இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், போதைதான்.

அதோடு விட்டேனா? அடுத்த பேட்ச்சில் அவள் கேள்வியையே ஜோக் ஆக்கினேன். "சில பேரு ரிகேன்ட்டுக்கும் அப்ஜூருக்கும் வித்தியாசம் கேப்பாங்க. அவங்க இங்கிலீஷ் லிட்ரேச்சர்ல பிஎச்டி பண்ணட்டும், நமக்கு எம்எஸ் போதும்." நல்ல கைதட்டல். அந்த ஜோக் பல வருடம் ஓடியது. இந்த வாக்குமூலத்தில் எழுதக் கை கூசும் பகுதி இதுதான். தெரியாததை மறைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். கேட்டவளைக் கேலிப்பொருளாக்கி, இனி ஒருவரும் கேட்காதபடி செய்ததற்கு என்ன சமாதானம் சொல்வது?

2011 ஆகஸ்டில் தேர்வு மாறியது. எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் போயே போய்விட்டன. புதிதாக வந்ததில் ஒரு வகை: ஒரு வாக்கியம், ஒரு கோடிட்ட இடம், ஆறு சொற்கள், எந்த இரண்டைப் போட்டால் வாக்கியம் முழுமையாகி, இரண்டும் ஒரே பொருள் தருமோ அந்த இரண்டையும் எடுக்க வேண்டும். சொல்லும் சொல்லும் ஒத்திருந்தால் போதாது. அந்த இடத்தில் ஒத்திருக்க வேண்டும். என் சமக்குறிக்கு நேராக வைத்த கண்ணி மாதிரி இருந்தது அது. பிள்ளைகள் 'கைவிடு' குரூப்பிலிருந்து ஏதோ இரண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து, "நீங்க குடுத்த ஷீட்ல சமம்னு இருக்கே சார்" என்றார்கள். புதிய பாடம் தயாரிக்க வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான், அந்தப் பெண் கேட்டதை நான் தேடிப் படித்தேன். ஞானத் தாகம் எல்லாம் இல்லை, தொழில் நெருக்கடி.

மோரிஸ் ஃபினோக்கியாரோ என்ற அறிஞர் கலிலியோ வழக்கின் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1989இல் தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார். அதில் 1616ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்றைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

விஷயம் இது. 1616இல் பூமி சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்கவோ ஆதரித்துப் பேசவோ கூடாது என்று கலிலியோவிடம் கர்தினால் பெல்லார்மின் அறிவித்தார். உடனே ஊரில் வதந்தி: கலிலியோவை அப்ஜூர் செய்ய வைத்துவிட்டார்களாம், தவமுயற்சியும் விதித்தார்களாம். கலிலியோ நேரே பெல்லார்மினிடம் போய், அப்படி நடக்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார். அந்த ஆண்டு மே 26ஆம் தேதி பெல்லார்மின் கைப்பட எழுதிக் கொடுத்தார்: இவர் என் முன்னிலையிலோ ரோமில் வேறு யார் முன்னிலையிலோ அப்ஜூர் செய்யவில்லை, தவமுயற்சி எதுவும் விதிக்கப்படவில்லை, திருச்சபையின் அறிவிப்பு இவருக்குத் தெரிவிக்கப்பட்டது, அவ்வளவே. பதினேழு ஆண்டு கழித்து வழக்கு வந்தபோது அந்தத் தாளைத்தான் கலிலியோ தன் தற்காப்பாகக் கொண்டுவந்து நீட்டினார்.

ஒரு வினைச்சொல் தன் மேல் ஒட்டக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் கர்தினாலிடம் கையெழுத்து வாங்கி அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். 'ரெண்டும் ஒண்ணுதாம்மா' என்று சொன்னவன் நான்.

1633 ஜூன் 22. ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினர்வா மடம். கலிலியோவுக்கு வயது 69. பத்து கர்தினால்களில் ஏழு பேர் கையெழுத்திட்ட தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. திருச்சபையின் போதனைக்கு முரணான நம்பிக்கையைக் கத்தோலிக்கத் தமிழில் பதிதம் என்பார்கள். அந்தப் பதிதத்தின் 'வலுத்த சந்தேகத்துக்கு' உள்ளானவர் என்பது தீர்ப்பு. சந்தேகத்துக்கும் அங்கே தரவரிசை உண்டு: லேசானது, வலுத்தது, மிகத் தீவிரமானது. ஒவ்வொன்றுக்கும் அதற்கான அப்ஜூர் தனி. கலிலியோ முழந்தாளிட்டு, எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார். மனப்பூர்வமாகவும் பாசாங்கில்லாமலும் இதைச் சத்தியம் செய்து விடுகிறேன், சபிக்கிறேன், வெறுக்கிறேன் என்று அதில் வருகிறது. இனி ஒருபோதும் இப்படிச் சந்தேகம் எழும்படி பேசவோ எழுதவோ மாட்டேன் என்றும், இப்படிப்பட்ட ஆள் யாரையாவது கண்டால் காட்டிக்கொடுப்பேன் என்றும் வருகிறது. 'மனப்பூர்வமாக' என்ற சொல்லையும் மன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. ரிகேன்ட் செய்கிறவன் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்: முன்பு சொன்னேனே, அது தப்பு. லத்தீனில் 'பாடு' என்னும் வேரிலிருந்து வந்த சொல். 'பாட்டை மாத்திப் பாடறான்' என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதேதான். ஆகவே முதல் பாட்டைச் சபையில் பாடியிருக்க வேண்டும். மனத்துக்குள் வைத்திருந்த நம்பிக்கையை ரிகேன்ட் செய்ய முடியாது. அப்ஜூரில் இருக்கும் 'ஜூர்' சத்தியம்; ஜூரி என்பதில் வருவதும் அதுவே. அது எதிர்காலத்தையும் கட்டுகிறது. ரிகேன்ட் செய்துவிட்டு மறுபடி பழைய பாட்டைப் பாடினால் வாக்கு மாறியவன். அப்ஜூர் செய்துவிட்டு மறுபடி பிடிபட்டால், அன்றைய சட்டப்படி மீண்டும் விழுந்தவன், இரண்டாம் முறை இரக்கம் கிடையாது. ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு நடந்தது அதுதான். 1431 மே 24ஆம் தேதி ரூவான் நகரில் சாந்த் ஊவான் மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் அப்ஜூர் பத்திரத்தில் குறியிட்டாள். சில நாளில் மறுபடி ஆண் உடையில் இருந்தாள், மறுபடி அசரீரிகளைப் பற்றிப் பேசினாள். மே 30ஆம் தேதி எரித்துவிட்டார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்தது ஒரு வாரத்துக்கும் குறைவான உயிர்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். 1401இல் வந்த சட்டம், அப்ஜூர் செய்ய மறுப்பவரையும் செய்துவிட்டுத் திரும்புகிறவரையும் எரிக்கச் சொன்னது. செய்தவர்கள் விறகுக் கட்டைத் தோளில் சுமந்து சர்ச்சைச் சுற்றி வர வேண்டும். மீறினால் இதே விறகுதான் என்பது ஊருக்குக் காட்டும் பாடம். 'கைவிடு' என்பதற்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொல் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மொழி வளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி கோர்ட்டு நடைமுறை.

தாமஸ் கிரான்மர் கதை இன்னும் நுணுக்கமானது. கேன்டர்பரி பேராயராக இருந்து இங்கிலாந்தில் சீர்திருத்தச் சபையை நிலைநிறுத்தியவர்; மேரி அரசி வந்ததும் சிறை. அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ரிகேன்ட் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டார். போட்டும் உயிர்ப்பிச்சை கிடைக்கவில்லை. 1556 மார்ச் 21ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியாள் ஆலயத்தில் கடைசியாக ஒருமுறை ஊரறியச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்பது ஏற்பாடு. எழுதிக் காட்டிய பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, உயிருக்குப் பயந்து என் கை எழுதியதையெல்லாம் விடுகிறேன், எழுதிய கைதான் முதலில் எரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். இழுத்துக்கொண்டு போனார்கள். வலது கையைத் தானே தீயில் நீட்டினார்.

பதிவாகியிருக்கும் அந்தப் பேச்சில் 'விடுகிறேன்' என்ற இடத்தில் அவர் வாயில் வரும் வினை ரிகேன்ட் இல்லை, ரினௌன்ஸ். ரிகேன்ட் மற்றவர்கள் தன்னைச் செய்ய வைத்தது. இது தானே செய்வது. ரினௌன்ஸ் என்பதில் நெருக்குகிறவன் தேவையில்லை, விடுகிற பொருள் பொய்யாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1936இல் எட்டாம் எட்வர்டு மணிமுடியை விட்டபோது கையெழுத்திட்ட பத்திரத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். அரியணை பொய் என்று அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றார். ஆங்கிலேயச் சபையின் ஞானஸ்நானச் சடங்கில் சாத்தானையும் அவன் செயல்களையும் விடுவதாகச் சொல்லும்போதும் இதே வினைதான். அதற்காகச் சாத்தான் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மற்ற நான்கையும் விரித்துச் சொன்னால் வகுப்பெடுக்கிறேன் என்பீர்கள், பழக்கதோஷம். குடிக்கு முழுக்குப் போடுகிறவன் செய்வது ஃபார்ஸ்வேர். நம்பிக்கையைவிடப் பழக்கத்துக்கே அது பொருந்தும். ரிப்யூடியேட் ரோமானியர் மனைவியைத் தள்ளிவைத்ததிலிருந்து வந்த சொல், 'தலைமுழுகிட்டேன்' என்பதன் சூடு அதில் உண்டு. 1918இல் ஜார் வாங்கிய கடனை போல்ஷ்விக் அரசு தர முடியாது என்று தள்ளியதற்கும் இதுவே சொல். கடன் வாங்கியது இவர்கள் இல்லை, ஆனாலும் தள்ளலாம். டிஸவௌ என்பதற்குத் தமிழில் அகராதி வேண்டாம், தினசரியைப் பிரித்தால் போதும்: "அது அவரது தனிப்பட்ட கருத்து, கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." ரிட்ராக்ட் என்பது வாபஸ், அதுவும் நம்பிக்கையை அல்ல, சொன்ன சொல்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட் இதழில் வந்தது. 2004இல் அதன் பதின்மூன்று ஆசிரியர்களில் பத்துப் பேர் அந்த விளக்கத்தை வாபஸ் வாங்கினார்கள். 2010இல் இதழே கட்டுரையை வாபஸ் வாங்கியது. வேக்ஃபீல்டு ரிகேன்ட் செய்யவில்லை. கட்டுரை போயிற்று, ஆள் அதே இடத்தில் நின்றார். என் சமக்குறிப்படி இது நடக்கவே முடியாத காரியம்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் நான் செய்ததென்ன? ராத்திரியோடு ராத்திரியாக ஷீட்டை மாற்றினேன். 'கைவிடு' குரூப்பை நான்கு வரியாக உடைத்தேன். "ஆனாலும் சுத்துது" கதையையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன், ஏனென்றால் அது அச்சில் முதலில் தென்படுவது 1757இல், கலிலியோ இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, லண்டனில் பாரெட்டி என்ற இத்தாலியர் வெளியிட்ட புத்தகத்தில். புது பேட்ச்சுக்குப் புது ஷீட். பழைய ஷீட் தப்பு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. "போன வருஷ ஷீட்ல வேற மாதிரி இருக்கே சார்" என்று தம்பி ஒருவன் கேட்டபோது, "புது பேட்டர்னுக்கு அப்டேட் பண்ணிருக்கேன்" என்றேன். தப்பை அப்டேட் என்று சொல்லலாம் என்பதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, தானாக வந்தது.

கலிலியோ 1633 ஏப்ரல் 30ஆம் தேதி விசாரணையில் சொன்னது ஒன்று உண்டு. வழக்குக்குக் காரணமான தன் புத்தகத்தைத் திரும்பப் படித்துப் பார்த்ததில் வாதங்கள் அளவு மீறிப் போயிருப்பது தெரிகிறது என்றும், அதற்குக் காரணம் வெற்றுப் புகழாசை, அறியாமை, கவனக்குறைவு என்றும் சொன்னார். சித்திரவதை மிரட்டல் எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருந்தபோது, தப்பிக்க வழி தேடிச் சொன்ன வரி. அவருக்கு அது பொருந்தியதா என்பது வேறு பேச்சு. எனக்கு எழுத்து மாறாமல் பொருந்துகிறது, என்னை யாரும் மிரட்டாமலே.

ஷீட் சமாசாரம் சின்னது. பெரிய கலப்படம் வேறு. பட்டியலை மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் வரும் என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. எந்த நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டார்வின் தன் வரலாற்றில் கடவுள் நம்பிக்கை போனதைப் பற்றி எழுதும்போது, அவநம்பிக்கை மிக மெதுவாகப் படர்ந்து முழுமையானது, அத்தனை மெதுவாக வந்ததால் வருத்தமே தெரியவில்லை என்கிறார். அவர் முழங்காலிடவில்லை, பத்திரம் எழுதவில்லை. சமயத்தைப் பற்றி அவர் எழுதியதில் சில பகுதிகளைக் குடும்பம் 1887 பதிப்பில் நீக்கிவிட்டது. 1958இல் பேத்தி நோரா பார்லோதான் முழுசாகப் போட்டார். இப்படி உதிர்வதற்கு என் ஏழு சொல்லில் ஒன்றுகூடப் பொருந்தாது. ஆங்கிலத்தில் அதற்கு 'லாஸ்ட்' என்பார்கள், தொலைத்தல். ஜிஆர்ஈ பட்டியலில் இடம்பிடிக்க முடியாத ஏழை வினை. பட்டியலில் இருந்தவை எல்லாம் வாய் செய்கிற காரியங்கள், எதிரே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது செய்கிற காரியங்கள். மனசுக்குள் நடப்பதைச் சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. நானோ சமக்குறிக்குப் பின்னால் 'நம்பிக்கையைக் கைவிடு' என்று போட்டு, ஒப்புக்குச் சொன்னவனையும் உண்மையிலேயே மனம் மாறியவனையும் ஒரே வரியில் உட்கார வைத்திருந்தேன்.

டார்வினுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்: நம்பிக்கை போன பிறகு அவர் பூசை செய்து தட்சணை வாங்கவில்லை. நான் வாங்கினேன். நம்பாத பட்டியலைத் தொடர்ந்து விற்றேன், விலையும் ஏற்றினேன். "தினமும் முப்பது சொல், நூறு நாள், வெர்பல் உங்க கையில்" என்ற வாசகம் என்னுடையதுதான்; ஆட்டோ பின்னால்கூட ஒட்டினோம். வாசிக்காத பிள்ளைக்கு வார்த்தை நிற்காது என்று தெரிந்தும், 'போய் நாலு நல்ல புத்தகம் படி' என்று சொல்லவில்லை. அதற்குக் கட்டணம் வாங்க முடியாது.

இடையில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். "சார், நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு சிட்டிசன்ஷிப் ஓத் எடுத்தேன். ரினௌன்ஸும் அப்ஜூரும் ஒரே லைன்ல வந்துச்சு. உங்க கிளாஸ்தான் ஞாபகம் வந்துது. ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு சார் ரெண்டையும் சொல்ல வைக்கிறாங்க?" கூடவே ஒரு சிரிப்பு எமோஜி.

உண்மைதான். அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழியில், இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மேல் உள்ள விசுவாசத்தை முற்றிலுமாக 'ரினௌன்ஸ் அண்டு அப்ஜூர்' செய்வதாக வருகிறது. என் குரூப்பிலிருந்து இரண்டு, அருகருகே. நம் பக்கத்தில் அவள் எதையும் துறந்து எழுதிக்கொடுத்தாக வேண்டும் என்றில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் தானே எழுதிக் கொடுத்துத் துறப்பது 8ஆவது பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் தானாகவே போய்விடுவது 9ஆவது பிரிவு.

அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதிலே இருந்தது. ஆங்கிலச் சட்டத்துக்கு இரட்டையாகச் சொல்லும் வழக்கம் உண்டு: 'நல் அண்டு வாய்டு', 'சீஸ் அண்டு டெசிஸ்ட்'. ஓட்டை விழாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது. அந்த இடத்தில் இரண்டையும் பிரித்து எடை போடுவதில்லை. ஆக, என் பழைய பதில் ஓரளவுக்குச் செல்லுபடியாகும் இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்த ஒரு வரிதான். 'பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல' என்று டைப் அடித்தேன். அழித்தேன். 1616 சான்றிதழைப் பற்றியும், அவளை வைத்து அடித்த ஜோக்கைப் பற்றியும் ஒரு பத்தி அடித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் "கங்கிராட்ஸ்மா! காட் ப்ளெஸ்" என்று போட்டு, கைகூப்பும் எமோஜி ஒன்றையும் வைத்தேன். அவளும் கைகூப்பினாள்.

இப்போது மையம் இல்லை, ஷீட் மட்டும் இருக்கிறது. பழையது, சமக்குறி போட்டது; யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் விட்டிருக்கிறார்கள். போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன் அதை மொபைலில் காட்டி, "அங்கிள், இது நீங்க போட்டதாமே, அப்பா சொன்னாரு. இதை மனப்பாடம் பண்ணா போதுமா?" என்றான். அவன் அப்பா பக்கத்திலேயே நின்றார். தொண்ணூறுகளில் என்னிடம் படித்து, அங்கே எம்எஸ் முடித்து, பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த வாழ்க்கையே சார் கொடுத்த ஷீட்டில்தான் தொடங்கியது என்று லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர்.

"போதும்பா," என்றேன். "தினமும் முப்பது சொல்லு."